ரூல் இரண்டு பக்கமும் பேசும்போது: டேபிள்டாப் ஆர்பிஜியில் தீர்ப்பு சொல்லும் முறை

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டுதான் டேபிள்டாப் ஆர்பிஜி. அதில் ஒரு காட்சி: பாலடின் என்ற புனிதப் போர்வீரரின் வாள் கைநழுவிப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. எதிரே ஓர் எலும்புக்கூடு. பிளேயர் டி20 என்ற இருபது முகப் பகடையை உருட்டுகிறார், அடி படுகிறது. அடி பட்டால் கூடுதல் சேதம் தரும் டிவைன் ஸ்மைட் என்ற அம்சம் பாலடினுக்கு உண்டு. உடனே கேட்கிறார்: "வெறுங்கையால குத்தினேன். டிவைன் ஸ்மைட் சேர்த்துக்கலாமா?" பக்கத்தில் இருப்பவர் "மெலீ அட்டாக்தானே, தாராளமா சேர்த்துக்கோ" என்கிறார். மெலீ என்றால் நெருங்கி நின்று தாக்குவது. எதிரில் இருப்பவர் "ஸ்மைட்டுன்னா கையில ஆயுதம் இருக்கணும்" என்கிறார். மூன்றாமவர் போனை எடுத்துத் தேட ஆரம்பிக்கிறார். பத்து நிமிடம் கழித்தும் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. ஆட்டத்தின் சூடுதான் ஆறிப்போகிறது.

இப்படிப்பட்ட இடத்தில் என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது என்பதே இங்கே விஷயம். உதாரணங்கள் எல்லாம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பிலிருந்து. பெரும்பாலும் 2014-இல் வந்த புத்தகங்கள். 2024-இல் வந்த திருத்திய புத்தகங்கள் எதையாவது மாற்றியிருந்தால் அங்கங்கே சொல்லியிருக்கிறது. வேறு கேம் ஆடுபவர்களுக்கும் முறை இதேதான்.

தீர்ப்பு சொல்வதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும்: இது எந்த வகைச் சந்தேகம்? ஒரு சொல் இரண்டு பொருள் தருகிறதா, இரண்டு விதிகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா, விதி ஒன்றுமே சொல்லவில்லையா, அல்லது தெளிவாகத்தான் சொல்கிறது ஆனால் விளைவு அபத்தமாக இருக்கிறதா? நான்குக்கும் மருந்து வேறு. விதி மௌனமாக இருக்கும் இடத்தில் சொல்லாராய்ச்சி செய்தால் விடிய விடிய உட்கார்ந்தாலும் பதில் வராது. சொல்லில் பதில் இருக்கும் இடத்தில் "எனக்கு நியாயமாப் படுது" என்று முடித்தால், அடுத்த வாரம் அதே சண்டை திரும்ப வரும்.

முதல் வேலை: வாக்கியத்தைச் சத்தமாக வாசிப்பது

மேசையில் எழும் சந்தேகங்களில் பெரும்பகுதி சந்தேகமே அல்ல. யாரும் அந்த வாக்கியத்தை வாசித்திருக்க மாட்டார்கள். எங்கோ கேட்டதை வைத்து வாதாடிக்கொண்டிருப்பார்கள்.

நல்ல உதாரணம் போனஸ் ஆக்‌ஷன் ஸ்பெல். ஸ்பெல் என்றால் மந்திரம்; அதைப் போட அதன் லெவலுக்கேற்ற ஸ்பெல் ஸ்லாட் ஒன்று செலவாகும், கேன்ட்ரிப் என்ற எளிய மந்திரங்களுக்கு மட்டும் செலவில்லை. டர்ன் என்பது சண்டையில் ஒருவர் ஆடும் பங்கு, போனஸ் ஆக்‌ஷன் என்பது அதில் வழக்கமான ஆக்‌ஷனோடு கூடுதலாகச் செய்யும் சிறு செயல். "ஒரு டர்னில் ஒரு லெவல் ஸ்பெல்தான் போடலாம்" என்று நிறையப் பேர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். 2014 புத்தகத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. பத்தாம் அத்தியாயத்தில் இருப்பது இதுதான்: போனஸ் ஆக்‌ஷனில் ஒரு ஸ்பெல் போட்டால், அதே டர்னில் ஒரு ஆக்‌ஷன் பிடிக்கும் கேன்ட்ரிப் தவிர வேறு எந்த ஸ்பெல்லும் போட முடியாது. ஆகவே கிளெரிக் (பூசாரி) போனஸ் ஆக்‌ஷனில் ஹீலிங் வேர்டு போட்டுவிட்டு, கேன்ட்ரிப்பான சேக்ரட் ஃபிளேம் போடலாம், கேன்ட்ரிப் அல்லாத கைடிங் போல்ட் போட முடியாது. தன் டர்னிலேயே உடனடி எதிர்வினையாக, அதாவது ரியாக்‌ஷனாக பிறர் மந்திரத்தைத் தடுக்கும் கவுன்டர்ஸ்பெல்லும் போட முடியாது. ஆனால் ஃபைட்டர் லெவலும் விஸார்டு லெவலும் உள்ள கேரக்டர், போனஸ் ஆக்‌ஷனைத் தொடாமல், ஆக்‌ஷன் சர்ஜ் என்ற, இன்னொரு ஆக்‌ஷன் தரும் அம்சத்தை வைத்து ஒரே டர்னில் இரண்டு ஃபயர்பால் வீசலாம். மனப்பாட விதிப்படி ஆடினால் முதல் ஆளுக்கு ஒன்றும் குறையாது, இரண்டாம் ஆளுக்குத் தன் உரிமை போகும். 2024 புத்தகத்தில்தான், ஒரு டர்னில் ஒரு ஸ்பெல் ஸ்லாட் மட்டுமே செலவழிக்கலாம் என்று வந்தது. இரண்டு பதிப்பும் மனதில் கலந்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரவே தீராது. அதனால் ஆட்டம் தொடங்கும் முன்பே, இந்த மேசையில் எந்தப் பதிப்பு என்று ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

வாசிக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முழு வாக்கியத்தையும் வாசியுங்கள். பாதியில் நிறுத்துபவர் பெரும்பாலும் தனக்குச் சாதகமான இடத்தில்தான் நிறுத்துவார். அடுத்து, அதற்கு முந்தைய வாக்கியத்தையும் பிந்தைய வாக்கியத்தையும் சேர்த்து வாசியுங்கள். கடைசியாக, கையில் இருப்பது எந்த அச்சு என்று பாருங்கள்.

அச்சு ஏன் முக்கியம் என்பதற்கு இருட்டு விதியே சாட்சி. 2014 முதல் அச்சில், கனத்த இருளில் நிற்கும் ஒருவர் கண் தெரியாதவர் நிலையில் இருப்பதாக எழுதியிருந்தது. அப்படியே எடுத்தால், இருட்டில் ஒளிந்திருக்கும் காவலாளிக்குத் தொலைவில் தீப்பந்தம் பிடித்து வருபவரும் தெரியக் கூடாது. நடப்பதோ அதற்கு நேர் எதிர். பிறகு வெளியான பிழைதிருத்தத்தில், அந்த இருண்ட இடத்துக்குள் இருப்பதைப் பார்க்க முயலும்போதுதான் அந்த நிலை என்று மாற்றினார்கள். பழைய அச்சை வைத்திருப்பவரும் புதிய அச்சை வைத்திருப்பவரும் இரண்டு மணி நேரம் வாதாடலாம். இருவருமே தங்கள் புத்தகத்தைச் சரியாகத்தான் வாசித்திருப்பார்கள். பிழைதிருத்தப் பட்டியலை விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் இலவசமாகவே தருகிறது. ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டால் போதும்.

விளையாட்டுச் சொல்லா, வழக்குச் சொல்லா?

ஒவ்வொரு சொல்லுக்கும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. புத்தகம் பொருள் வரையறுத்துத் தந்த சொல் என்றால் அந்தப் பொருள் மட்டுமே. வரையறுக்காத சொல் என்றால் அன்றாட வழக்கில் என்ன பொருளோ அதுதான்.

டர்ன், ரவுண்ட் இரண்டும் வரையறுத்த சொற்கள். ரவுண்ட் என்பது சண்டையில் இருக்கும் எல்லோரும் ஒருமுறை ஆடி முடிக்கும் ஆறு நொடி. டர்ன் என்பது அதற்குள் ஒருவருடைய பங்கு. தமிழில் பேசிக்கொண்டே ஆடும் மேசைகளில் இரண்டையுமே "சுற்று" அல்லது "முறை" என்று சொல்லிவிடும் வழக்கம் உண்டு. வினை அங்கேதான் தொடங்குகிறது. மறைந்து தாக்கும் வகைக் கேரக்டரான ரோக்கின், கூடுதல் சேதம் தரும் ஸ்னீக் அட்டாக் "டர்னுக்கு ஒருமுறை" என்று இருக்கிறது, "ரவுண்டுக்கு ஒருமுறை" என்று இல்லை. ஆகவே ரோக் தன் டர்னில் ஒருமுறை ஸ்னீக் அட்டாக் செய்துவிட்டு, எதிரி தன் டர்னில் ஓட முயலும்போது ஆப்பர்சூனிட்டி அட்டாக் அடித்து, மற்ற நிபந்தனைகள் பொருந்தினால் மறுபடியும் ஸ்னீக் அட்டாக் சேர்க்கலாம். அது இன்னொருவருடைய டர்ன். ஐந்தாம் லெவல் ரோக்குக்கு இது 3டி6 (ஆறு முகப் பகடை மூன்று), சராசரி 10.5 சேதம். ஒரு சொல்லை மொழிபெயர்த்த விதத்தால் அவ்வளவும் கைவிட்டுப் போகும். டர்ன், ரவுண்ட், ஆக்‌ஷன், ரியாக்‌ஷன், ஹிட் ஆகியவற்றை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்வதுதான் நல்லது; மற்றதெல்லாம் எப்படி வேண்டுமானாலும் பேசலாம்.

இப்போது பாலடினுக்கு வருவோம். 2014 புத்தகத்தின்படி டிவைன் ஸ்மைட்டின் வாக்கியத்தில் இரண்டு துண்டுகள் உண்டு. மெலீ வெப்பன் அட்டாக்கால் ஒரு கிரியேச்சரை அடித்தால் ஸ்லாட் ஒன்றைச் செலவழிக்கலாம் என்பது முதல் துண்டு. ஆயுதத்தின் சேதத்தோடு கூடுதலாக ரேடியன்ட் சேதம் என்பது இரண்டாவது.

முதல் துண்டு பாலடின் பக்கம் பேசுகிறது. மெலீ வெப்பன் அட்டாக் என்பது ஒரு விளையாட்டுச் சொல். ஆயுதத்துக்குப் பதிலாக வெறுங்கையைக் கொண்டும் மெலீ வெப்பன் அட்டாக் செய்யலாம் என்று ஒன்பதாம் அத்தியாயம் சொல்கிறது. "மெலீ வெப்பனால் செய்யும் அட்டாக்" என்று இருந்திருந்தால் கதை வேறு. சொற்களின் வரிசை மாறினால் பொருளும் மாறும். வெறுங்கைச் சண்டை வீரரான மாங்க்கின் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் கையால் குத்தும்போதும் வேலை செய்வது இந்த வரிசையால்தான்.

இரண்டாம் துண்டு மறுபக்கம் பேசுகிறது. "ஆயுதத்தின் சேதத்தோடு" என்றால் ஓர் ஆயுதம் இருந்தாக வேண்டும். வெறுங்கை ஆயுதமா? முதல் அச்சில் ஆயுதப் பட்டியலிலேயே அன்ஆர்ம்டு ஸ்ட்ரைக் இருந்தது. பிழைதிருத்தம் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆகவே திருத்திய எழுத்துப்படி ஸ்மைட் சேராது. சேஜ் அட்வைஸ் கம்பெண்டியம் என்ற அதிகாரப்பூர்வ விளக்கத் தொகுப்பும் அதையே சொல்கிறது. அதோடு நிற்காமல், ஆட்டத்தை நடத்தும் டி.எம். (டன்ஜன் மாஸ்டர்) இதை அனுமதித்தாலும் ஆட்டத்தின் சமநிலை கெடாது, பாலடின் என்றால் ஆயுதம் என்ற தோற்றத்துக்காகத்தான் அப்படி வைத்தோம் என்றும் விளக்குகிறது. எழுத்து என்ன சொல்கிறது, எழுதியவர் எதற்காக எழுதினார், மாற்றினால் எது உடையும் என்ற மூன்றும் ஒரே பதிலில் வந்துவிட்டன. நீங்கள் சொல்லும் தீர்ப்பும் இப்படி இருந்தால் யாருக்கும் மனக்குறை இராது.

இரண்டு விதி மோதினால்

சிறப்பு விதி பொது விதியை வெல்லும். பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் முன்னுரையிலேயே இது இருக்கிறது. பள்ளியில் புணர்ச்சி இலக்கணம் படித்த யாருக்கும் பழக்கமான ஏற்பாடுதான்: பொதுவிதி ஒன்று இருக்கும், குறிப்பிட்ட இடத்தில் சிறப்புவிதி வந்து அதை விலக்கும்.

பிழை நேர்வது எங்கே என்றால், சிறப்பு விதி எவ்வளவு தூரம் விலக்குகிறது என்பதில். அது சொன்ன அளவுக்குத்தான் விலக்கும், ஓர் அங்குலம்கூட அதிகம் கிடையாது. கிராஸ்போ எக்ஸ்பர்ட் என்ற ஃபீட்டை, அதாவது கேரக்டருக்குத் தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறனை, எடுத்துக்கொள்ளுங்கள். பொது விதிப்படி, உங்களைப் பார்க்கக்கூடிய எதிரி ஐந்து அடிக்குள் நின்றால் தூர அட்டாக்குக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுப்பது). அந்த ஒன்றைத்தான் ஃபீட் நீக்குகிறது. விழுந்து கிடக்கும் எதிரியை முப்பது அடியிலிருந்து சுட்டால் வரும் டிஸ்அட்வான்டேஜ் வேறு விதியிலிருந்து வருவது. அதை ஃபீட் தொடவில்லை. அது அப்படியே இருக்கும்.

இன்னும் ஒரு படி போகலாம். விழுந்து கிடப்பவரை ஐந்து அடிக்குள் இருந்து தாக்கினால் அட்வான்டேஜ் (இரண்டு பகடையில் கூடியதை எடுப்பது). எதிரி அவ்வளவு பக்கத்தில் இருப்பதால் தூர அட்டாக்குக்கு டிஸ்அட்வான்டேஜ். ஒன்றும் ஒன்றும் கழிந்து சாதாரண உருட்டல். இதே இடத்தில் ஃபீட் உள்ளவர் சுட்டால் டிஸ்அட்வான்டேஜ் மட்டும் போய், அட்வான்டேஜ் நிற்கும். கேட்பவருக்கு விசித்திரமாகத் தோன்றும், ஆனால் விதிகளை ஒவ்வொன்றாக அடுக்கினால் வருவது இதுதான். மோதல் வரும்போது ஒரு காகிதத்தில் எந்த விதி எதைத் தருகிறது, எந்த விதி எதை எடுக்கிறது என்று இரண்டு வரி எழுதிப் பாருங்கள். வாய்ப்பேச்சில் தீராதது பென்சிலில் தீர்ந்துவிடும்.

விதி பேசாத இடம்

மௌனம் இரண்டு வகை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் தவறான தீர்ப்புகளுக்கு மிகப் பெரிய காரணம்.

தீக்கதிர் வீசும் ஸ்கார்ச்சிங் ரே ஸ்பெல் வைக்கோல் போரில் தீ பற்ற வைக்குமா? ஸ்பெல்லின் எழுத்தில் தீ பற்றுவதைப் பற்றி ஒன்றுமில்லை. பட்டால் கதிருக்கு 2டி6 தீச் சேதம், அவ்வளவே. இங்கே அதன் உடன்பிறப்புகளைப் பார்க்க வேண்டும். ஃபயர்பால், ஃபயர் போல்ட், பர்னிங் ஹேண்ட்ஸ் மூன்றிலும், யாரும் அணிந்திராத, கையில் வைத்திராத எரியக்கூடிய பொருள்கள் தீப்பற்றும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. மூன்று இடத்தில் சொன்னவர்கள் நான்காவது இடத்தில் சொல்லவில்லை என்றால், அந்த மௌனம் ஒரு பதில். எழுத்துப்படி, தானாகப் பற்றாது.

அதே ஸ்கார்ச்சிங் ரேயை, எண்ணெய் ஊற்றிய எதிரிமேல் வீசினால்? எண்ணெய்க் குப்பியின் விதியில், காய்வதற்குள் எந்தத் தீச் சேதம் பட்டாலும் கூடுதலாக 5 தீச் சேதம் என்று இருக்கிறது. எந்தத் தீ என்று பிரித்துச் சொல்லவில்லை. ஆகவே அங்கே செல்லும். ஸ்பெல்லின் பக்கத்தில் இல்லாத பதில் எண்ணெயின் பக்கத்தில் இருந்திருக்கிறது. செயலின் இரு முனைகளையும் வாசிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இன்னொரு வகை மௌனத்தில் உடன்பிறப்பே இருக்காது. சரவிளக்கின் சங்கிலியை வெட்டி ஓக்ரின் தலையில் விழ வைத்தால் எவ்வளவு சேதம்? இது எழுதாமல் விட்ட இடம், டி.எம்.-க்காகவே விட்ட இடம். இதற்கு டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் கருவிகள் இருக்கின்றன. கடின எண், அதாவது வெற்றிக்கு எட்ட வேண்டிய எண்: எளிது 10, நடுத்தரம் 15, கடினம் 20. திடீர்ச் சேதம்: புத்தக அலமாரி மேலே சாய்ந்தால் 1டி10, மின்னல் தாக்கினால் 2டி10, சுரங்கம் இடிந்து கற்கள் விழுந்தால் 4டி10. சரவிளக்கு அலமாரியைவிட வலியது, சுரங்கத்தைவிட எளியது. ஆகவே 2டி10, தப்பிக்க டெக்ஸ்டெரிட்டி சேவ் (சுறுசுறுப்புச் சோதனை) 15. பக்கத்தில் இருக்கும் இரண்டு எடுத்துக்காட்டுகளுக்கு நடுவே வைப்பது என்ற இந்த ஒரே பழக்கம் பாதி மௌனங்களை நிரப்பிவிடும்.

எண் வைக்கத் தயக்கமாக இருந்தால் அட்வான்டேஜ் தரலாம் என்று தோன்றும். அதன் எடையைத் தெரிந்துகொண்டு தாருங்கள். பகடையில் 11 வேண்டிய இடத்தில் வெற்றி வாய்ப்பு 50 சதவீதத்திலிருந்து 75 சதவீதமாகிறது. 20 வேண்டிய இடத்தில் 5-லிருந்து 9.75 மட்டுமே. நடுவில் இருப்பவருக்குப் பெரிய பரிசு, விளிம்பில் இருப்பவருக்கு ஆறுதல்.

எழுத்து தெளிவு, விளைவு அபத்தம்

இதுதான் கடினமான வகை. ஏனென்றால் எழுத்தை வைத்துக்கொண்டு வாதாடுபவர் சரியாகத்தான் வாதாடுகிறார்.

2014 புத்தகத்தில் இன்விசிபிள் (கண்ணுக்குத் தெரியாத) நிலைக்கு இரண்டு புள்ளிகள் உண்டு. மாயமோ சிறப்புப் புலனோ இல்லாமல் அந்தக் கிரியேச்சரைப் பார்க்க முடியாது என்பது ஒன்று. அதன்மேல் வரும் அட்டாக்குக்கு டிஸ்அட்வான்டேஜ், அது செய்யும் அட்டாக்குக்கு அட்வான்டேஜ் என்பது இன்னொன்று. இரண்டாம் புள்ளியில் "பார்க்க முடியாதவருக்கு மட்டும்" என்ற நிபந்தனை இல்லை. ஆகவே சீ இன்விசிபிலிட்டி போட்டு எதிரியைக் கண்ணாரப் பார்ப்பவருக்கும் டிஸ்அட்வான்டேஜ் நீங்காது. எழுத்தின்மேல் நிற்பவருக்குத் துணையும் இருக்கிறது: ஃபேரி ஃபயர் ஸ்பெல்லில், இன்விசிபிளாக இருப்பதன் பலன் கிடைக்காது என்று தனியாக எழுதியிருக்கிறது, சீ இன்விசிபிலிட்டியில் அப்படி இல்லை. முந்தைய பகுதியில் சொன்ன உடன்பிறப்புச் சோதனையே இங்கே எழுத்துக்குச் சாதகமாகப் பேசுகிறது.

ஆனாலும் விளைவைப் பாருங்கள். கண்முன் தெளிவாகத் தெரியும் ஆளை ஏன் தடுமாறித் தாக்க வேண்டும் என்று கேட்டால் மேசையில் யாரிடமும் பதில் இருக்காது. இப்படிப்பட்ட இடத்தில் மூன்று கேள்விகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்த வாசிப்பை ஏற்றால் வேறு ஏதாவது ஸ்பெல், ஃபீட், அம்சம் பயனற்றுப் போகிறதா? இதே வாசிப்பை மான்ஸ்டர் பயன்படுத்தினால் பிளேயர்கள் ஒத்துக்கொள்வார்களா? எல்லோரும் எப்போதும் இதையே செய்ய ஆரம்பித்தால் ஆட்டம் என்னவாகும்? இங்கே முதல் கேள்வியிலேயே எழுத்து தோற்கிறது. இன்விசிபிள் எதிரியைச் சமாளிக்க இரண்டாம் லெவல் ஸ்லாட் செலவழித்தவருக்குச் சண்டையில் கிட்டத்தட்ட ஒன்றுமே கிடைக்கவில்லை. பார்க்க முடிந்தவருக்கு எதிராக அந்தப் பலன் கிடையாது என்பதே என் தீர்ப்பு. 2024 புத்தகமும் அப்படியே எழுதிவிட்டது.

எல்ட்ரிட்ச் பிளாஸ்ட் என்ற கேன்ட்ரிப்பும் இதே வகைதான். 2014 எழுத்துப்படி அதன் இலக்கு ஒரு கிரியேச்சர். கதவையோ பெட்டியையோ குறிவைக்க முடியாது. அதைப் போடும் மந்திரவாதியான ஒரு வார்லாக், வழியில் தென்படும் ஒவ்வொரு பெட்டியையும் குறிவைத்துப் பார்த்து, ஸ்பெல் கிளம்பினால் பெட்டி வேடமிட்ட மான்ஸ்டரான மிமிக், கிளம்பாவிட்டால் பெட்டி என்று கண்டுபிடிக்கப் பார்ப்பார். அசையாமல் இருக்கும் மிமிக்கைச் சாதாரணப் பொருளிலிருந்து பிரித்தறிய முடியாது என்பது மிமிக்கின் முழுச் சாரம். செலவில்லாத ஒரு கேன்ட்ரிப் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறது. எளிய தீர்வு: எதன்மேல் வேண்டுமானாலும் வீசலாம், பெட்டி என்றால் பெட்டி சேதமாகும். 2024-இல் இலக்கு "கிரியேச்சர் அல்லது பொருள்" என்று மாறிவிட்டது.

பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆர்பிஜியின் இரண்டாம் பதிப்பின் 2019 விதிநூலில் இதற்கென்றே ஒரு பத்தி இருக்கிறது. ஒரு விதிக்குப் பல வாசிப்புகள் இருந்து, அதில் ஒன்று நம்ப முடியாத அளவுக்கு நல்லதாக இருந்தால் அது சரியான வாசிப்பாக இருக்க வாய்ப்பில்லை. அச்சில் இருப்பது பிரச்சினை தந்தால் குழுவோடு பேசித் தீர்வு காணுங்கள் என்பது அதன் சாரம். எந்தக் கேமுக்கும் பொருந்தும் அறிவுரை.

இதன் மறுகோடிதான் குடியானவர் வரிசை. இரண்டாயிரம் குடியானவர்களை ஐந்து அடிக்கு ஒருவராக நிறுத்தி, ஆளுக்கொரு, முன்கூட்டியே தயாராக வைத்த ரெடி ஆக்‌ஷனில் ஒரு கம்பைக் கை மாற்றினால், பத்தாயிரம் அடி, அதாவது ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர், ஆறே நொடியில் கடந்துவிடும். நொடிக்கு 500 மீட்டர் வேகம். ஆகவே கடைசி ஆள் விட்டதும் கம்பு பீரங்கிக் குண்டுபோலப் பாயும் என்பது வாதம். தவறு எங்கே? கம்பு கை மாறும்வரை விளையாட்டு விதி, கடைசி நொடியில் மட்டும் இயற்பியல். ஏதாவது ஒரு கணக்கை முழுதாக எடுக்க வேண்டும். விதியைக் கடைசிவரை எடுத்தால் கடைசி ஆள் சாதாரணமாக ஒரு கம்பை வீசுகிறார். இயற்பியலை முதலிலிருந்து எடுத்தால் ஆறு நொடியில் பத்துப் பேருக்குக்கூடக் கம்பு போய்ச் சேராது. விதிகள் இயற்பியல் அல்ல என்று 2024 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு நேரடியாகவே எழுதிவைத்திருக்கிறது.

மேசையில் இரண்டு நிமிடம்

மேலே சொன்ன ஆராய்ச்சியெல்லாம் ஆட்டத்தின் நடுவில் முழுதாகச் செய்ய முடியாது. அங்கே செய்யக்கூடியது இவ்வளவுதான்.

ஒருவர் வாக்கியத்தைச் சத்தமாக வாசிக்கட்டும். அவர் கேட்டவராக இல்லாமல் வேறொருவராக இருந்தால் நல்லது. கேட்டவர் தன் வாசிப்பை ஒருமுறை சொல்லட்டும், மறுப்பவர் ஒருமுறை. பிறகு டி.எம். முடிவு சொல்ல வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் வாதம் புதிதாக எதையும் கொண்டுவராது, குரல்தான் உயரும். குரல் உயர்ந்தவர் பக்கம் தீர்ப்பு போகத் தொடங்கினால், கூச்ச சுபாவமுள்ள பிளேயர் அடுத்த முறை கேட்கவே மாட்டார்.

முடிவு சொல்லும் விதமும் முக்கியம். "இன்னிக்கு செல்லும்னு வெச்சுக்கலாம். அடுத்த வாரத்துக்குள்ள பார்த்துட்டு நிரந்தரமா சொல்றேன்." இந்த இரண்டு வாக்கியம் போதும். தற்காலிகம் என்று சொல்லிவிட்டால் தோற்றவருக்கும் மனது ஆறும்.

எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாதபோது இந்த வரிசையில் பாருங்கள். ஒரு கேரக்டரின் உயிர் இந்தத் தீர்ப்பில்தான் தொங்குகிறது என்றால், உயிர் பிழைக்கும் பக்கம். சந்தேகத்துக்குரிய வாசிப்பால் ஒரு கேரக்டர் செத்தால், பிறகு அந்தத் தீர்ப்பு தவறு என்று தெரியவரும்போது திருத்த வழியில்லை. உயிர்ப் பிரச்சினை இல்லை என்றால், பிளேயர் அந்த அம்சத்தைத் தேர்ந்தெடுத்தபோது எதை எதிர்பார்த்திருப்பாரோ அந்தப் பக்கம். அதுவும் தெரியவில்லை என்றால், அதிகம் தராத வாசிப்பின் பக்கம். கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குவதைவிட, கொடுக்காததைப் பிறகு கொடுப்பது எளிது.

பாலடினுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். அடிபடும் எலும்புக்கூடு அன்டெட் (இறந்தும் நடமாடுவது), அந்த வகைக்கு ஸ்மைட் சேதம் கூடும், ஆகவே முதல் லெவல் ஸ்லாட்டுக்கு 3டி8, சராசரி 13.5. எலும்புக்கூட்டின் சராசரி ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி) 13. அனுமதித்தால் பெரும்பாலும் விழுந்துவிடும். அது அதிகமா? நீளவாள் கையில் இருந்திருந்தால் அதோடு 1டி8 வேறு சேர்ந்திருக்கும்; வெறுங்கைக்கு அந்த இடத்தில் 1 மட்டுமே. ஸ்மைட்டுக்காக யாரும் வேண்டுமென்றே வாளைத் தூக்கிப் போட மாட்டார்கள். ஆகவே தயங்காமல் அனுமதிக்கலாம்.

டி.எம். முடிவு சொல்லலாமா என்றே சில மேசைகளில் கேள்வி எழும். இந்த விளையாட்டின் மரபே அதில்தான் நிற்கிறது. பிரஷ்யாவில் 1824-இல் ரைஸ்விட்ஸ் உருவாக்கிய போர் விளையாட்டில் அட்டவணைகளும் பகடைகளும் நிறைந்திருந்தன. 1876-இல் வெர்டி டு வெர்னுவா, அனுபவமுள்ள நடுவர் ஒருவர் முடிவு சொன்னாலே போதும் என்று அவற்றை ஒதுக்கிவைத்தார். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போர் விளையாட்டுகளின் வழியில் வந்ததுதான். டி.எம். நாற்காலி அந்த நடுவர் நாற்காலி. ஆனால் நடுவர் இருபக்கமும் ஒரே அளவுகோல் வைத்தால்தான் நடுவர். பிளேயருக்குச் சொன்ன தீர்ப்பு அடுத்த அறையில் இருக்கும் மான்ஸ்டருக்கும் அன்றே பொருந்த வேண்டும். சண்டையின் நடுவில் தீர்ப்பை மாற்றவும் கூடாது, அது தவறு என்று தெரிந்துவிட்டாலும்கூட. அந்தச் சண்டை முடியட்டும்.

ஆட்டம் முடிந்த பிறகு

வீட்டில் நிதானமாகப் பாருங்கள். முதலில் பிழைதிருத்தம், பிறகு சேஜ் அட்வைஸ் கம்பெண்டியம். விதி வடிவமைப்பாளராக இருந்த ஜெரமி கிராஃபோர்டின் பழைய ட்வீட்கள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவை யோசனைகள், அதிகாரப்பூர்வத் தீர்ப்பு தொகுப்பில் இருப்பது மட்டுமே. தொகுப்பில் இருப்பதும் உங்கள் மேசைக்கு ஒவ்வாவிட்டால் தள்ளிவைக்கலாம், காரணத்தைச் சொல்லிவிட்டு.

நிரந்தரத் தீர்ப்பை அடுத்த ஆட்டம் தொடங்கும் முன் அறிவியுங்கள். நடந்ததைத் திருப்பிக் கணக்குப் போடாதீர்கள். செத்த எலும்புக்கூடு செத்ததுதான். தீர்ப்பு மாறியதால் ஒருவர் எடுத்த ஃபீட்டோ ஸ்பெல்லோ மதிப்பிழந்தால், இலவசமாக வேறொன்று மாற்றிக்கொள்ள விடுங்கள். அவர் பழைய தீர்ப்பை நம்பித்தானே தேர்ந்தெடுத்தார்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைக்காவிட்டால் அத்தனையும் வீண். நாற்பது பக்க நோட்டே போதும், அல்லது எல்லோரும் பார்க்கும்படி பகிர்ந்த ஒரு கூகுள் டாக். ஒவ்வொரு தீர்ப்புக்கும் நான்கு விவரம்: எந்த விதி, எந்தப் பதிப்பு, என்ன தீர்ப்பு, ஏன். "ஏன்" என்பதை விட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து இதே மாதிரி வேறொரு சந்தேகம் வரும்போது, உதவுவது தீர்ப்பு அல்ல, அதன் காரணம்தான். பாலடினின் பதிவு இப்படி இருக்கும்:

"டிவைன் ஸ்மைட், வெறுங்கை. 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக், பாலடின் பகுதி. செல்லும். எழுத்துப்படி செல்லாது, ஆனால் சமநிலை கெடாது என்று தொகுப்பே சொல்கிறது. வாளைவிட வெறுங்கைக்குச் சேதம் குறைவு. மான்ஸ்டருக்கும் பொருந்தும். நிரந்தரம்."

மேசை 2024 புத்தகத்துக்கு மாறும் நாளில் இந்தப் பதிவை அடித்துவிடலாம். அதில் டிவைன் ஸ்மைட் ஒரு ஸ்பெல். மெலீ ஆயுதத்தாலோ வெறுங்கையாலோ அடித்த உடனே போனஸ் ஆக்‌ஷனில் போடுவது என்று எழுத்திலேயே வந்துவிட்டது. அதே நாளில் புதுப் பதிவு ஒன்று தேவைப்படும்: ஸ்மைட் இப்போது ஸ்பெல் என்பதால் எதிரி அதற்குக் கவுன்டர்ஸ்பெல் போடலாம், பாலடினின் அந்த டர்ன் போனஸ் ஆக்‌ஷனும் தீர்ந்துவிடும். பிளேயர் அதை எலும்புக்கூட்டின் முன்னால் நின்றுகொண்டு தெரிந்துகொள்ளாமல், ஆட்டத்துக்கு முந்தைய நாளே தெரிந்துகொள்ளட்டும்.